டாங்கில் கிடந்த கட்டைவிரல்

ஆவுடையம்மாளின் வேன் டாங்கைக் கழற்றிக் கவிழ்த்தபோது முப்பத்தைந்து வருசத்துக் கசடு தார் மாதிரி வழிந்து, அந்தக் கசடுக்குள்ளிருந்து உயிருள்ள கட்டைவிரல் ஒன்று பட்டறைத் தரையில் பொத்தென்று விழுந்து, வெயில் பட்டுக் கூசினதுபோல இரண்டு தடவை மடங்கி நிமிர்ந்தது. மெக்கானிக் சேர்மத்துரை குனிந்து பார்த்தான். "இந்த எழவு உள்ள கிடந்தா ஃபில்டர் அடைக்காம என்னக்கா செய்யும்?" என்றான். பட்டறையில் டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேரும் அதானே என்று தலையாட்டினார்கள். செவல்குளத்தைச் சுற்றி இருபத்தேழு பட்டாசு ஆலை இருக்கிறது, அந்த ஊர் ஆட்களுக்குத் தரையில் விரல் கிடப்பது புதுசில்லை. கிடக்கிற விரல் ஆடுவதுதான் கொஞ்சம் புதுசு, அந்தப் புதுசும் ஒரு டீ குடித்து முடிக்கிற வரைக்கும்தான் இருந்தது.

ஆவுடையம்மாள் மட்டும் விரலை எடுத்துச் சேலைத் தலைப்பில் துடைத்துப் பார்த்தாள். அடிப்பக்கத்தில் பல் பதிந்திருந்தது. ஒரு முன்பல் மட்டும் சாய்ந்திருக்கிற பல்வரிசை. அந்தப் பல்வரிசையை அவளுக்கு நன்றாகத் தெரியும், கல்யாணமான புதுசில் அவள் தோளிலும் பதிந்ததுதான் அது, அவளுடைய புருசன் சோலையப்பனின் பல். தலைப்புக்குள் விரலை மூடிக்கொண்டாள்.

இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதத்து மத்தியானம், ஊருக்கு வெளியே ஓடைப் பாலத்துப் பக்கம் இந்த வேன் நின்றது, வேனுக்குப் பக்கத்தில் டீசல் கேன் நின்றது, கேனுக்குப் பக்கத்தில் சோலையப்பன் பதினோரு வெட்டோடு கிடந்தான். எந்த ஆலைக்கு யார் வேனில் ஆள் ஏற்றிப் போவது என்று டிரைவர்களுக்குள் அருவாள் பேசிக்கொண்டிருந்த காலம் அது; எல்லார் மேலும் சந்தேகம் இருந்ததால் ஒருத்தர் மேலும் சந்தேகம் இல்லாமல் போயிற்று, போலீஸ் ஆறு மாதம் தேடிவிட்டுக் கேஸ் கட்டைத் தூக்கிப் பரணில் போட்டது. ஆவுடையம்மாள் யார் வெட்டியது என்று ஒருத்தரிடமும் கேட்கவில்லை. அவள் கேட்டது வேறு. பிணத்தை முதலில் பார்த்த ஆட்டுக்காரரிடம் கேட்டாள், இன்ஸ்பெக்டரிடம் கேட்டாள், ஆஸ்பத்திரியில் பிணத்தை அறுத்த டாக்டரின் சட்டையைப் பிடித்து உலுக்கிக் கேட்டாள்: "கடைசியா ஏதாச்சும் சொன்னாரா?" ஏன் அப்படிக் கேட்டாள் என்றால், அன்றைக்குக் காலையில் இருவருக்கும் சண்டை, சின்னச் சண்டைதான், ஆனால் அவன் சாப்பிடாமல் எழுந்து போகிறபோது அவள் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று "அப்படியே போயித் தொலை" என்று சொல்லிவிட்டாள். போய்த் தொலைந்தவன் அதற்கு ஒரு பதில் சொல்லாமலா தொலைந்திருப்பான்? மன்னித்தேன் என்றோ, நாசமாய்ப் போ என்றோ, ஆவுடை என்று பெயரை மட்டுமோ, ஏதோ ஒன்று சொல்லியிருப்பான், அதைக் கேட்ட காது ஒன்று எங்கேயோ உயிரோடு திரிகிறது, அந்தக் காதுக்காரனைக் கண்டால் போதும் என்றுதான் அவள் வேன் ஓட்டப் பழகி, அவன் உட்கார்ந்த சீட்டிலேயே உட்கார்ந்து, இருபத்திரண்டு வருசமாக அந்தக் கரிசல் காட்டு ரோட்டில் போகவும் வரவுமாக இருந்தாள்.

டாங்க் கழுவப்பட்டதற்குக் காரணம் ஞானகுரு. ஒரு காலத்தில் அவனும் வேன் டிரைவர்தான், இப்போது பைபாஸ் பக்கம் தகரக் கொட்டகை போட்டு, பஜார் பரோட்டாக் கடைகளில் பொரித்துக் கறுத்த எண்ணெயையெல்லாம் டின் டின்னாக வாங்கி, வடிகட்டிச் சூடேற்றி, காஸ்டிக் சோடாவும் ஏதோ ஒரு ஸ்பிரிட்டும் கலந்து பயோடீசல் காய்ச்சுகிறவன். நல்ல மனுசன் என்றுதான் ஊரில் பேர். வலது கையில் கட்டைவிரல் கிடையாது. "எந்த ஷெட்டு?" என்று கேட்டால் "அஞ்சாம் நம்பர்" என்பான். செவல்குளத்தில் அது ஒரு மரியாதை: கையில் குறை உள்ளவரைப் புதிதாகப் பார்த்தால் வெடித்தது எந்த ஷெட்டு என்று ஒரு கேள்வி கேட்கவேண்டும், பதில் வந்ததும் "ச்சு" கொட்டவேண்டும், அதோடு பேச்சை விட்டுவிடவேண்டும், இரண்டாவது கேள்வி கேட்கிறவன் மனுசனே இல்லை.

"மதினி, டீசல் விக்கிற விலைக்கு இந்தக் கிழட்டு வேனை வச்சுக்கிட்டு எப்படிக் கட்டுபடியாகுது உங்களுக்கு?" என்று ஞானகுருதான் வந்து கேட்டான். "நம்ம எண்ணெய் லிட்டருக்குப் பதினெட்டு ரூவா கம்மி. புகை கண்ணைக் கரிக்காது. உள்ள ஒட்டிக்கிட்டு இருக்கிற அழுக்கையெல்லாம் கழுவி வெளிய கொண்டாந்துரும்."

"பழைய வண்டிக்கு ஒத்துக்குமா தம்பி?"

"அண்ணன் வண்டி மதினி. கெடுதல் சொல்வேனா?"

சேர்மத்துரை வேண்டாம் என்றுதான் சொன்னான். அந்தக் காலத்து ரப்பர் ஓஸ் குழாய் இந்த எண்ணெயில் ஊறி அப்பளம் மாதிரி நமத்துப்போகும், டாங்க் அடியில் படிந்தது கழண்டு வந்து ஃபில்டரை அடைக்கும், ஊற்றத்தான் வேண்டுமென்றால் கால்வாசி கலந்து ஊற்று என்றான். ஆவுடையம்மாள் முழு டாங்கும் ஊற்றினாள். முதல் வாரம் வேன் போன தெருவெல்லாம் பரோட்டா மணந்தது, நாய்கள் இரண்டு கிலோமீட்டர் விரட்டி வந்தன, உள்ளே உட்கார்ந்திருந்த ஆலைப் பெண்களுக்குக் காலை ஏழு மணிக்கே பசி கிள்ளியது. இரண்டாவது வாரம் மூன்று ஃபில்டர் அடைத்தது, நாலு ஓஸ் கசிந்தது, லிட்டருக்கு மிச்சமான பதினெட்டு ரூபாய் பட்டறைக்கே போயிற்று. மூன்றாவது வாரம்தான் டாங்கை இறக்கினார்கள், விரல் விழுந்தது.

விரலை வெறுமனே வைத்தால் வெளுத்துச் சுருங்கியது. சாதா டீசலில் போட்டால் சுருண்டு தூங்கிவிட்டது. ஞானகுருவின் எண்ணெயில் போட்டால்தான் ரத்தம் ஏறிச் சிவந்து, பாட்டில் கண்ணாடியை நகத்தால் தட்டிக்கொண்டிருந்தது. ஆகவே ஒரு ஊறுகாய் பாட்டிலில் அந்த எண்ணெயை ஊற்றி, உள்ளே விரலைப் போட்டு, வேன் டேஷ்போர்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆவுடையம்மாள் வழக்கம்போல டிரிப் அடித்தாள். ஊர் அதைப் பார்த்து ஏற்றுக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. போலீஸ் ஸ்டேசனில் 'கண்டெடுத்த பொருள், ஒன்று' என்று எழுதி அவளிடமே திருப்பிக் கொடுத்தார்கள். ரேசன் கடைக்காரர் வாங்கி ரேகை மெசினில் வைத்துப் பார்த்தார், மெசின் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுப் பதிவு இல்லை என்றது, "கார்டு எடுக்கலைன்னா அரிசி கிடையாது" என்று விரலிடமே சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பொம்பளைகள் பாட்டிலுக்கு மஞ்சள் கயிறு கட்டினார்கள். ஒரு கட்சிக்காரர் வந்து விரல் எங்கள் கட்சிச் சின்னத்தைக் காட்டுகிறது என்றார், அவருடைய எதிர்க்கட்சிக்காரர் இல்லை எங்களுக்குத்தான் காட்டுகிறது என்றார், இருவரும் பஸ் ஸ்டாண்டில் கட்டிப் புரண்டு ஆளுக்கொரு காதைக் கிழித்துக்கொண்டார்கள்.

ஆவுடையம்மாள் பல் பதிந்த கதையை ஒருத்தரிடமும் வாய் திறக்கவில்லை. வாய் திறந்தால் விரலுக்குச் சொந்தக்காரன் ஓடிவிடுவான், ஓடினால் அந்தக் காதும் அவனோடு ஓடிவிடும். அவள் டீக்கடை டீக்கடையாக வேனை நிறுத்தி, சிரித்த முகமாக ஒரே ஒரு சேதி சொன்னாள்: "வர்ற ஞாயித்துக்கிழமை பட்டறைக்கு வாங்க. விரல் யாருக்குப் பொருந்துதோ அவங்க எடுத்துக்கிடலாம்."

வந்தார்கள் ஐயா, வந்தார்கள், அறுபத்து மூன்று பேர் வந்தார்கள், இருக்கன்குடிப் பக்கமிருந்தும் சாத்தூர்ப் பக்கமிருந்தும் டவுன் பஸ்ஸில் தொற்றிக்கொண்டும் சைக்கிள் மிதித்துக்கொண்டும் வந்தார்கள், கட்டைவிரல் இல்லாத கையைத் துண்டால் மூடிக்கொண்டு வந்தவர்கள் வரிசையில் நின்றதும் துண்டை எடுத்தார்கள், அத்தனை மொட்டைக் கையையும் ஒரே இடத்தில் பார்த்ததில் அவர்களுக்கே கொஞ்சம் திகைப்பாகத்தான் இருந்தது. யாராவது ஒருவர் ஆரம்பித்து வைக்கவேண்டுமே என்று முன்னால் நின்ற பெரியவர் ஒருவர் தன் ஷெட் நம்பரைச் சொன்னார், வருசத்தைச் சொன்னார், அன்றைக்கு உள்ளே இருந்தவர்கள் பெயரைச் சொன்னார். அதன்பிறகு அதுவே முறையாகிவிட்டது, விரலை வைத்துப் பார்க்கிறதுக்கு முன்னால் ஷெட்டைச் சொல்லவேண்டும். பன்னிரண்டாம் நம்பரில் மருந்து உரசி வெடித்ததைச் சொன்னார்கள், மூன்றாம் நம்பரில் கூரைத் தகடு பறந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்த பிள்ளைத்தாய்ச்சியின் கழுத்தில் இறங்கியதைச் சொன்னார்கள், பதினேழாம் நம்பரில் வேப்பமரத்துக் கிளையில் தொங்கினது யாருடைய கை என்று இரண்டு குடும்பம் அடித்துக்கொண்டு கடைசியில் பாதிப் பாதி புதைத்ததைச் சொன்னார்கள். சொல்லிவிட்டுக் கையை நீட்டினார்கள்.

விரல் ஒருத்தருக்கும் படியவில்லை. வேண்டாதவன் கையில் வைத்தால் மீன் மாதிரி துள்ளியது, அமுக்கிப் பிடித்தால் நகத்தால் கீறியது. ஒருவர் கன்னம் கிழிந்தது, ஒருவர் கண்ணுக்கு ஒரு நெல் அளவில் தப்பினார். கயிறு வைத்துக் கட்டிக்கொள்ளப் பார்த்தவரை வரிசையில் நின்றவர்கள் இழுத்துப் போட்டு மிதித்தார்கள். விரலை வாயில் போட்டுக்கொண்டு ஓடிய ஒருவரைப் பிடித்துத் தாடையில் குத்த, விரலோடு இரண்டு பல்லும் வெளியே வந்தது. எல்லாருக்கும் ஒரு கட்டைவிரல் வேண்டியிருந்தது. சட்டைப் பொத்தான் போட, ரேசன் வாங்க, பேரப்பிள்ளையின் கன்னத்தைக் கிள்ள. பட்டறைத் தரையில் ரத்தம் சொட்டுச் சொட்டாய்க் கிடந்தது. ஆவுடையம்மாள் வேன் படிக்கட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறுபத்து மூன்றாவதாக நின்றவர் இருளப்பன். திருப்பூரில் இருபது வருசமாக வாட்ச்மேன் வேலை பார்க்கிறவர், சேதி கேள்விப்பட்டு பஸ் ஏறி வந்திருந்தார், முகத்தில் ஒரு பக்கம் வெந்து உருகி இறுகியிருந்தது.

"அஞ்சாம் நம்பர் ஷெட்டு," என்றார். "சோலையப்பனை வெட்டிப் போட்டாங்கள்ல, அதுக்கு மூணாம் நாள் வெடிச்சது. உள்ள ஒன்பது பேர். எட்டு பேரைக் கூடையில அள்ளி எட்டு வீட்டுக்குப் பங்கு வச்சாங்க. உசுரோட வந்தது நான் ஒருத்தன்தான்."

"நீங்களும் ஞானகுருவும்," என்று சேர்மத்துரை எடுத்துக் கொடுத்தான்.

"எந்த ஞானகுரு?"

"எண்ணெய் காய்ச்சுறாரே, அவருதான். அவருக்கும் அஞ்சாம் நம்பர்தான்."

இருளப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எலேய், செத்தவங்க எட்டு பேரோட பேரையும் நான் தெனம் காலையில எந்திரிச்சதும் சொல்லிப் பாத்துக்கிடுறவன். அந்த ஷெட்டுல ஞானகுருன்னு ஒரு ஆளே கிடையாது."

இரண்டாவது கேள்வி கேட்காத ஊர் அது, இருபத்திரண்டு வருசமாகக் கேட்காத கேள்வி அறுபத்து மூன்று தொண்டையிலும் ஒரே நேரத்தில் வந்து நின்றது. அப்போதுதான் ஞானகுரு மட்டும் வரிசைக்கு வரவில்லை என்பதும், மூன்று நாளாகக் கொட்டகை மூடிக்கிடப்பதும் எல்லாருக்கும் உறைத்தது. ஆவுடையம்மாள் எழுந்து பாட்டிலைக் கையில் எடுத்தாள். "இதுல இருக்கிறது எம்புருசன் கடிச்ச பல்லுத் தடம்," என்றாள். சொன்ன அடுத்த நொடியே சொல்லியிருக்கக்கூடாது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது, ஏனென்றால் கூட்டம் ஸ்பானரையும் சங்கிலியையும் இரும்புக் குழாயையும் பொறுக்கிக்கொண்டு பைபாஸைப் பார்த்து ஓட ஆரம்பித்திருந்தது. எட்டுப் பிணத்தில் ஒருவன் பங்கு கேட்டிருக்கிறான், செத்தவர்களோடு செத்தவனாய்ச் சேர்ந்து நின்று இருபத்திரண்டு வருசம் எங்கள் 'ச்சு'வை வாங்கித் தின்றிருக்கிறான் என்ற ஆத்திரம் அது, சோலையப்பனுக்காக என்றுகூடச் சொல்லமுடியாது.

டாங்கைக் கழுவிப் பொருத்திவைத்திருந்த வேனை அவள் கிளப்பினாள். பாட்டிலை மடியில் கட்டிக்கொண்டு, ஓடுகிற கூட்டத்துக்கு நடுவே ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு போனாள், ஒதுங்காதவர்களை இடித்தே ஒதுக்கினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் முன்னால் சைக்கிளில் போனவர்கள் கொட்டகைக் கதவை உடைத்து, டிரம்களுக்குப் பின்னால் பதுங்கியிருந்த ஞானகுருவை முற்றத்துக்கு இழுத்துவந்திருந்தார்கள். ஒரு கால் முட்டிக்குக் கீழே தப்பான பக்கம் திரும்பிக் கிடந்தது. மூக்கு இருந்த இடத்தில் ரத்தம்தான் இருந்தது. யாரோ காஸ்டிக் சோடா மூட்டையைத் தூக்கி வந்து வாயில் கொட்டுங்கடா என்றார்கள்.

வாய் என்று காதில் விழுந்ததும் ஆவுடையம்மாள் சீட்டுக்கு அடியிலிருந்து ஜாக்கி லீவரை உருவிக்கொண்டு இறங்கினாள். முதல் அடி மூட்டைக்காரர் முழங்கையில் விழுந்தது, எலும்பு முறிந்த சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. அடுத்த அடி சேர்மத்துரை தோளில். "அக்கா, நம்ம சோலையண்ணனை வெட்டுனவன்க்கா!" என்று அவன் கத்தினான். "தெரியும்லே, தள்ளு!" என்று இன்னொன்று போட்டாள். இருபத்திரண்டு வருசமாக அவள் ஏற்றி இறக்கின ஆட்கள்தான், பெயர் தெரிந்த, வீடு தெரிந்த ஆட்கள், அவர்கள் மண்டையையும் மணிக்கட்டையும் பார்த்துப் பார்த்து அடித்தாள். புருசனைக் கொன்றவனை இரண்டு காலுக்கும் நடுவே கிடத்திக்கொண்டு, அவிழ்ந்த தலைமுடியோடு சுற்றிச் சுற்றி லீவரை வீசினாள்.

"அவன் உசுரு எனக்கு வேண்டாம், நீங்களே எடுத்துக்கங்க! அவன் வாய் மட்டும் எனக்கு வேணும்! நான் கேக்குறதைக் கேட்டு முடிக்கிற வரைக்கும் எவனாச்சும் கிட்ட வந்தீங்க, சங்கை அறுத்துருவேன்!"

கூட்டம் பத்தடி தள்ளி நின்றது. வீச்சில் மடியிலிருந்து விழுந்து பாட்டில் உடைந்திருந்தது. விரல் கண்ணாடிச் சில்லுகளுக்குள்ளிருந்து புழு மாதிரி ஊர்ந்து, புழுதியில் எண்ணெய்க் கோடு போட்டுக்கொண்டு போய், ஞானகுருவின் வலது கையில் ஏறி, சடக்கென்று தன் இடத்தில் உட்கார்ந்தது. ஞானகுரு அதை மடக்கிப் பார்த்தான், நிமிர்த்திப் பார்த்தான். அழுதான். ஒருவருக்கும் அதில் சந்தேகமோ வியப்போ இல்லை, அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது.

ஆவுடையம்மாள் குத்துக்காலிட்டு அவன் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். "ஞானகுரு. கடைசியா என்ன சொன்னாரு?"

"மதினி, அந்த ஆலை டிரிப்பை எனக்குத் தர்றேன்னு சொல்லிட்டு அண்ணன்…"

"ஏன் வெட்டுனேன்னு நான் கேட்டேனா? கடைசியா என்ன சொன்னாரு?"

அவன் ரத்தத்தைத் துப்பினான். "டாங்க்ல டீசல் ஊத்திக்கிட்டு இருந்தாரு மதினி. பின்னால இருந்து வெட்டுனேன். திரும்பி விரலைக் கடிச்சிட்டாரு. கடிச்சதைத் துப்பினதுல அது எங்க போயி விழுந்துச்சுன்னு தெரியல. அப்புறமும் வெட்டுனேன். விழுந்துட்டாரு. நான் கிளம்புறேன், அப்ப கூப்பிட்டாரு. 'ஏலே குரு'ன்னாரு."

"ம்."

"'டாங்க் மூடியைப் போட்டுட்டுப் போலே, மண்ணு விழுந்துரும்'னாரு."

"ம். அப்புறம்?"

"நானும் டிரைவர்தான மதினி. கை தானாப் போயி மூடியைப் போட்டுச்சு. போட்டுட்டுத் திரும்பிப் பாத்தேன், உசுரு போயிருச்சு."

"ஏம் பேரு?"

"இல்ல மதினி."

"ஆவுடைன்னு ஒரு வார்த்தை? முணுமுணுன்னுகூட?"

"இல்ல. அவ்வளவுதான்."

பொய் என்று சொல்ல அவளால் முடியவில்லை. அச்சு அசலாக அந்த மனுசன் பேச்சுதான் அது. முதலிரவில் பாதியில் எழுந்து போய் டயரில் காற்று இருக்கிறதா என்று எட்டி உதைத்துப் பார்த்துவிட்டு வந்தவன் வேறு என்னத்தைச் சொல்லுவான்? ஆவுடையம்மாள் எழுந்தாள். கூட்டம் இனி நம் முறை என்று ஒரு அடி முன்னால் வைத்தது. ஆனால் அவள் லீவரோடு போனது வேனைப் பார்த்து.

"சாகப்போற நேரத்துல உனக்கு ஒரு வார்த்தை! எனக்கு இல்ல!" முன்கண்ணாடி நொறுங்கியது. "சோறு பொங்கிப் போட்டவ நானு! துணி தொவைச்சவ நானு! போயித் தொலைன்னு சொல்லிட்டேனேன்னு இருபத்திரண்டு வருசம் கண்ணு மூடாதவ நானு!" ஹெட்லைட் இரண்டும் போயிற்று, கதவு ஒடுங்கிற்று, அவன் உட்கார்ந்த சீட்டை, அவள் உட்கார்ந்த சீட்டைக் குத்திக் குத்திப் பஞ்சை வெளியே எடுத்தாள். "சக்களத்தியை ஓட்டிக்கிட்டுல்ல திரிஞ்சிருக்கேன்! சக்களத்திக்கு ஃபில்டர் மாத்திக்கிட்டுல்ல திரிஞ்சிருக்கேன்!" உள்ளங்கை கிழிந்து லீவர் வழுக்கியது, சேலையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு அடித்தாள். சேர்மத்துரை தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஞானகுருவை அடிக்கவேண்டும் என்று ஒருவருக்கும் நினைவில்லை; கையில் குழாய் வைத்திருந்தவர்கள் குழாயைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்கள்.

இந்தப் பக்கம் முழுவதையும் முடித்துவிட்டு அவள் அந்தப் பக்கம் வந்தாள், டாங்க் இருக்கிற பக்கம். விழுந்த அடிகளின் அதிர்வில் மூடி கழன்று சங்கிலியில் ஆடிக்கொண்டிருந்தது. பைபாஸில் ஒரு லாரி கடந்து போனது, முற்றத்துப் புழுதி எழும்பி மேலே வந்தது. ஓங்கின லீவர் ஓங்கினபடியே நின்றது. பிறகு அதைக் கீழே போட்டாள். மூடியை எடுத்து, கிழிந்து கிடந்த முந்தானையால் உள்பக்கம் துடைத்து, டாங்க் வாயில் வைத்து, ரத்தம் வழிகிற இரண்டு கையாலும் திருகினாள். திருகிவிட்டு உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி இறுக்கிப் பார்த்தாள்.

"போட்டாச்சு," என்றாள். "போதுமாய்யா?"